தோட்ட எண்ணும் ஐபி முகவரியும்: ஆளை அடையாளங் காணல் பற்றி ஊவாவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

இணையத்தில் ஒன்றைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதுகிற எவரும் டேவிட் கிளார்க், சூசன் லாண்டோ இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையைத் தாண்டித்தான் போகவேண்டும். கிளார்க் 1980களில் இணைய நெறிமுறைகளின் தலைமைக் கட்டமைப்பாளராக இருந்தவர். லாண்டோ ஒட்டுக்கேட்பு, மறையீட்டுக் கொள்கை ஆகிய துறைகளில் நீண்டகாலம் உழைத்தவர். அவர்களுடைய முடிவுகளில் பெரும்பாலானவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. இயந்திரம், அதன் உரிமையாளர், அதை இயக்கிய ஆள் என்று மூன்றையும் பிரித்துக் காட்டியது அவர்கள் செய்த பெரிய உதவி. ஒவ்வொரு செயலையும் ஓர் ஆளோடு கட்டிப்போடும்படி இணையத்தையே திருத்தி அமைத்தாலும், பல கணினிகளைப் படிக்கட்டாக்கி ஏறிவரும் தேர்ந்த தாக்குதலை அது தடுக்காது என்ற வாதமும் இன்றுவரை நிற்கிறது. நான் மாறுபடுவது ஒரேயொரு கூற்றில். ஆளைத் தேடத் தொடங்கும் இடமாக ஐபி முகவரி பொதுவாக நினைக்கப்படுவதைவிடப் பயன் மிக்கது என்கிறார்கள். அளந்து சொல்லப்பட்ட கூற்றுத்தான். ஆனால் விசாரணைகள் நடைமுறையில் கைக்கொள்வது அவர்களுடைய எச்சரிக்கைகளை அல்ல, இந்த ஒரு வரியை.

இந்த வரியை இலங்கையின் ஊவா மாகாணத்து அப்புத்தளையில் வைத்து வாசிக்கக் காரணம் உண்டு. ஆட்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக்கொண்டு ஆளைத் தேடும் பழக்கம் ஊவாத் தோட்டங்களில் நூறாண்டுக்கும் மேற்பட்டது. எண் எதைக் காட்டியது, யாரைக் காட்டத் தவறியது, தவறியபோது பழி யார்மீது விழுந்தது என்பதற்கெல்லாம் இங்கே பதிவு இருக்கிறது. இணையத்துக்கு அவ்வளவு நீண்ட பதிவு இல்லை.

தகர வில்லையில் இருந்த எண்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு டின் டிக்கட் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டு 1901 என்போரும் 1902 என்போரும் உளர். ஆணை பிறந்த நாளையும் நடைமுறைக்கு வந்த நாளையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வந்த குழப்பம் இது என்று எண்ணுகிறேன், அறுதியிடவில்லை. தோட்டத்தின் பதிவெண் பொறித்த தகர வில்லைகளைத் தோட்ட நிர்வாகம் முன்கூட்டியே பெற்று, ஆள்கட்டப் போகும் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். அவர் ஊரில் சேர்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை. அதைக் காட்டினால் முகாமில் சோறும் கப்பலிலும் ரயிலிலும் இடமும் கிடைக்கும். 1893இல் அப்புத்தளைக்கு ரயில் வந்துவிட்டது. பதுளைக்கு 1924இல்தான் போனது. ஆகவே இந்த வில்லையோடு வந்தவர்களில் பலர் இறங்கியது அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும். வழிச்செலவை முதலில் அரசு ஏற்றுப் பின்னர் தோட்டத்திடம் அறவிட்டுக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டைக் கவனிக்கவேண்டும். முதலாவது, ஆள் கிடைப்பதற்கு முன்பே எண் அடிக்கப்பட்டுவிட்டது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் யாரோ ஒருவர் புறப்பட முடிவு செய்யும் வரை அந்த வில்லைக்கு ஆளே இல்லை. இரண்டாவது, அது வழிச்செலவுக்கான எண். இந்த உடலை எந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதற்கான காசை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்ற இரண்டு கேள்விகளுக்கே அது விடை சொன்னது. இவர் யார் என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவில்லை.

ஐபி முகவரியின் பிறப்பும் இப்படித்தான். 1981 செப்டம்பரில் வெளியான 791ஆம் இலக்க நெறிமுறை ஆவணம் (RFC) 32 இருமக் குறிகளால் ஆன முகவரியை வகுத்தது. பொதியை எந்த வலையமைப்புக்கு, அதில் எந்த இடைமுகத்துக்குக் கொண்டுபோவது என்பதற்கு மட்டும் அது போதும். முகவரிகள் தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்கு முன்பே ஒதுக்கப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தப்போகும் ஆட்கள் பின்னால் வருகிறார்கள். சுமந்து செல்வதற்கென்று உண்டான எண்ணை அடையாளத்துக்கு இழுத்தது இரண்டிடத்திலும் பிறகு நடந்தது.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு தடை சொல்லலாம். வில்லை ஓர் உடலோடு சேர்ந்து வந்தது, ஒருவருக்கு ஒன்று. ஐபி முகவரி அப்படியன்று. சரிதான். ஆனால் அந்த உடலையும் பெயரையும் இணைத்தது வில்லையா? இல்லை. அந்த இணைப்பு கங்காணியின் நினைவிலும், பின்னர் தோட்டத்து ஒப்பீஸில் கணக்கப்பிள்ளை எழுதிய செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டிலும் இருந்தது. பெரட்டுக் களத்தில் பேர் போடுவது அந்தப் புத்தகத்தைப் பார்த்து. வில்லை தோட்டம் வரையில் கொண்டுவந்தது. ஆள்வரை கொண்டுபோனது இரண்டாவது ஏடு. எண்ணின் நம்பகம் என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் அந்த இரண்டாவது ஏட்டின் நம்பகமே. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். மற்றவை அதற்கான சான்றுகள்.

ஏடு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் தேடிப்போக வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததாகக் காட்டச் சொன்னது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், வாழ்ந்தவருக்கு அதைக் காட்ட இருந்தது தோட்டம் வைத்திருந்த ஏடுதான். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மறுப்புகளுக்கு அரசியல் காரணமே பெரிது என்பதை மறக்கவில்லை. ஆனாலும், ஒரே தோட்டத்தில் பல ராமசாமிகளும் பல மாரியாயிகளும் இருக்க, ஏட்டில் ஒருவாறும் விண்ணப்பத்தில் வேறுவாறும் எழுதப்பட்ட பெயர் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பது மலையகத்தார் அறிந்த கதை.

தபால் முகவரியும் இதே கதைதான். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து ஒப்பீஸில் கிடக்கும். அங்கிருந்து யார் கைக்குப் போனது என்பதைத் தபால் திணைக்களம் அறியாது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் நடப்பதைச் சேவை நிறுவனம் அறியாததும் இதே வகை அறியாமை.

கிளார்க்கும் லாண்டோவும் எந்த வீட்டை நினைத்தார்கள்?

இனி அவர்களுடைய கூற்றுக்கு வருவோம். அதன் பின்னணியில் இருப்பது அமெரிக்கப் புறநகர் வீடு என்றே நான் படிக்கிறேன். ஒரு வீடு, ஒரு மோடம், மாதக் கட்டணம் செலுத்தும் ஒரு பெயர், அந்த மோடத்துக்கு நாள்கணக்கில் மாறாத ஒரு முகவரி. இந்த நிலையில் முகவரி நல்ல தொடக்கந்தான். சேவை நிறுவனத்தைக் கேட்டால் வீடு தெரியும். வீட்டில் இருப்பவர் மூவரோ நால்வரோ.

ஆனால் கட்டுரை வந்த மறு ஆண்டே நிலத்தின் அமைப்பு மாறிவிட்டது. 2011 பெப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த முகவரித் தொகுதிகள் தீர்ந்தன. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. முகவரிப் பஞ்சம் முதலில் பிடித்தது நம் பக்கத்தை. காலங்கடந்து இணையத்துக்கு வந்த நாடுகளை. 2012 ஏப்ரலில் சேவை நிறுவனங்களின் உள்ளகப் பயன்பாட்டுக்கென்று 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை சுமார் 42 இலட்சம் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. கைபேசிக்கு உள்ளே கிடைப்பது இத்தகையதொரு முகவரி. வெளியுலகம் காண்பது வேறொன்று. அதைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள்.

எத்தனை பேர்? ஒரு முகவரிக்குள் தொடர்புகளைப் பிரித்தறிய உதவும் போர்ட் எண்கள் 65,536. முதல் 1,024ஐ விட்டால் 64,512. ஆளுக்கு 1,000 போர்ட் வீதம் கொடுத்தால் ஒரே நொடியில் 64 சந்தாதாரர் ஒரு முகவரிக்குள் நிற்கலாம். 500 வீதமென்றால் 129 பேர். கிளார்க்கும் லாண்டோவும் பகிர்வு முகவரிகளை அறியாதவர்கள் அல்லர். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் பகிர்வும் சேவை நிறுவனத்துக்குள் நடக்கும் பகிர்வும் ஒன்றல்ல. முன்னதில் முகவரி ஒரு கூரையைக் காட்டும். பின்னதில் தங்காலையில் ஒருவரும் தலவாக்கலையில் ஒருவரும் டம்பேதென்னையில் ஒருவரும் அதே முகவரியில் இருக்கக்கூடும். கூரையே இல்லை. தொடக்கம் என்று சொல்லவே ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கரைந்துவிட்டது.

இதற்கு அவர்கள் தரப்பில் எழக்கூடிய விடை, நேரமும் போர்ட் எண்ணும் சேர்த்துக் குறித்தால் 64 பேரில் ஒருவரைப் பிரித்தெடுக்கலாம் என்பது. கொள்கையளவில் உண்மை. 2011 ஜூனில் வந்த 6302ஆம் இலக்க ஆவணம் இணையச் சேவையகங்கள் போர்ட் எண்ணையும் நொடி துல்லியமாக நேரத்தையும் பதியவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைத்தது, அவ்வளவுதான்.

என் மறுப்பின் கூர்மையான பகுதி வேறு, அதற்கான சான்று மெலிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க இடம் தொடக்கமாகவே இருந்துவிடுவதில்லை. அடுத்த ஏடு கிடைக்காதபோது தேடல் கடைசியாகப் பதிவான பெயரில் நின்றுவிடுகிறது; நின்ற இடமே முடிவாகிவிடுகிறது. தோட்டத்தில் ஆள் ஓடிப்போனால் அவர் பேரில் கொடுத்த முற்பணத்துக்குப் பெரிய கங்காணி பதில் சொல்ல வேண்டியிருந்தது. கங்காணியின் கீழிருந்த ஆட்களையும் அவர்கள் கடனையும் சேர்த்துக் காட்டிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஏட்டில் பெயர் உள்ளவனே பிடிபடக்கூடியவன். இந்தியாவில் 2007 ஓகஸ்ட் 31 அன்று பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே பொலிஸார் கைது செய்தார்கள். ஓர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றியதாகக் குற்றச்சாட்டு. ஆதாரம் ஐபி முகவரிக்கு உரியவரென்று தரப்பட்ட சந்தாதாரர் விவரம். அந்த விவரமே பிழை. தெரியவருவதற்குள் ஐம்பது நாள் சிறையில் கழிந்தது. இந்த வழக்கில் முகவரி பொய் சொல்லவில்லை. இரண்டாவது ஏடு பொய் சொன்னது. கிளார்க் லாண்டோ கட்டுரைக்கு மூன்று ஆண்டு முந்திய வழக்கு இது என்பதையும் குறிக்கவேண்டும். முகவரிப் பஞ்சத்துக்கு முன்பே தொடக்க இடம் முடிவிடமாகிவிட்டது.

அமெரிக்காவிலிருந்து ஒரு எதிர்ச்சான்றும் கிடைக்கிறது. ஒரு திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கில், இணைப்புக்கு உரியவர் பராமரிப்புத் தேவைப்படும் வயதுவந்தோரைத் தங்கவைக்கும் விடுதி நடத்துபவர். விடுதியில் இருப்போர், வந்துபோவோர் எல்லோரும் அதே இணைப்பைப் பாவித்தார்கள். 2018 ஓகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், இணைப்பு ஒருவர் பெயரில் இருப்பது மட்டும் அவர்மீது குற்றம் சாட்டப் போதாது என்று தீர்த்தது. லயத்தில் வாழ்ந்தவர் எவருக்கும் இந்தத் தீர்ப்பை விளக்கவேண்டியதில்லை.

இடங்காட்டும் ஏடுகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் எங்கோ இருக்கிறது, சரியான இடம் தெரியாது என்ற நிலையிலிருந்த கோடிக்கணக்கான முகவரிகளை ஒரு நிறுவனத்தின் இடங்காட்டித் தரவுத்தளம் நாட்டின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு முழு எண் ஆயத்தொலையில் குறித்துவைத்தது. அந்தப் புள்ளி கான்சாஸில் பொட்வின் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் விழுந்தது. செய்தியாளர் காஷ்மீர் ஹில் 2016இல் வெளிக்கொணரும் வரை, திருடர்களையும் காணாமற்போன பிள்ளைகளையும் தேடிப் பொலிஸார் ஆண்டுக்கணக்கில் அந்தப் பண்ணை வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தெரியாது என்று எழுதவேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியதன் விளைவு.

ஒரு வரியில் இரண்டு சிறுகோடுகள்

நான் நின்று பார்க்க விரும்புவது ஒரே ஒரு வரி. கல்வெட்டாளர் ஒரு எழுத்தின் கொம்பை வைத்துக் காலம் பேசுவது போல இதையும் வாசிக்கலாம். இணையச் சேவையகங்கள் வழக்கமாக எழுதும் பதிவு வரியின் முற்பகுதி, மாதிரிக்காக நான் அமைத்தது. மாதப் பெயர் மட்டும் தமிழில்:

203.0.113.7 - - [14/ஏப்ரல்/2006:21:14:05 +0600]

முகவரி, ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்டது, யாருக்கும் உரியதன்று. அதை அடுத்து வரும் முதல் சிறுகோட்டைப் பாருங்கள். அது வெறும் பிரிப்புக்குறி அன்று. அந்த இடம் ஆளின் பெயருக்கென்று விடப்பட்டது. 1985 ஜனவரியில் வெளியான 931ஆம் இலக்க ஆவணமும், அதைத் திருத்தி 1993 பெப்ரவரியில் வந்த 1413ஆம் இலக்க ஆவணமும் ஒரு சிறு நெறிமுறையை வகுத்தன: இந்தத் தொடர்பை உன் கணினியில் திறந்தது எந்தப் பயனர் என்று சேவையகம் எதிர்ப்பக்கக் கணினியைக் கேட்கும், அது பெயரைச் சொல்லும். பலர் ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்த பல்கலைக்கழகக் காலத்து ஏற்பாடு. அதாவது முகவரி ஆளைக் காட்டாது என்பது இணையத்தைக் கட்டியவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்ததால்தான் பெயருக்கு வேறாக ஓர் இடம் விட்டார்கள். 1413ஆம் இலக்க ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. அந்தப் பதிலின் நம்பகம், பதில் சொல்லும் கணினியின் நம்பகத்தையும் அதை நடத்தும் நிறுவனத்தின் நம்பகத்தையும் தாண்டாது என்கிறது. கங்காணியின் சொல்லை எவ்வளவு நம்புவது என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடையை நான் படித்ததில்லை.

கேட்பதற்கு ஆளில்லாமல் அந்த நெறிமுறை வழக்கொழிந்தது. பெயரின் இடத்தில் சிறுகோடு தங்கிவிட்டது. இரண்டாவது சிறுகோடு, கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரின் பெயருக்கான இடம். அதுவும் பெரும்பாலும் வெறுமை. போர்ட் எண்ணுக்கு இந்த வரியமைப்பில் இடமே இல்லை. 6302ஆம் இலக்க ஆவணம் கேட்டது இந்த வரிக்குள் வரவேண்டுமானால் சேவையகத்தை நடத்துபவர் வழக்கமான அமைப்பைக் கைவைத்து மாற்றவேண்டும்.

இனி வரியின் கடைசிப் பகுதி, +0600. இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர் இதைப் பிழை என்று திருத்தக்கூடும். இன்று இலங்கை நேரம் +0530 அல்லவா? வரி சரியானதே. மின்சாரத் தட்டுப்பாட்டில் 1996 மே 25 அன்று இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி +0630 ஆக்கியது. ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்வாங்கி +0600 ஆனது. 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடி +0530. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இடையில் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆக ஒரே தீவில் ஒரே நொடிக்கு இரண்டு நேரம் இருந்த காலமும் உண்டு. மேலே உள்ள வரி கடிகாரம் மாறுவதற்குச் சில மணி முந்தியது.

ஒரு அரை மணிக்கு இவ்வளவு இடம் எதற்கு? தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை அழைத்த காலத்தில், அழைப்பு முடிந்ததும் முகவரி அடுத்தவருக்குப் போய்விடும். அரை மணிப் பிழையில் முகவரி அதேதான், ஆள் வேறு. கடிகாரம் மாறிய இரவில் எல்லா இயந்திரங்களும் ஒன்றாக மாறியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நேர வேறுபாட்டுக் குறி இல்லாமல் உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதிவைத்த 1996–2006 காலத்துப் பதிவு ஒன்று கைக்கு வந்தால், அதற்கு உரிய உலக நேரத்தைத் தீர்மானிக்க என்னிடம் வழியில்லை. +0530, +0600, +0630 என்று மூன்று விடைகள் நிற்கும். மூன்றையும் குறிப்பதே முறை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் கிராமங்களுக்கு நெனசல என்ற பொது இணைய நிலையங்கள் வந்தன. டவுனில் ஏற்கனவே கொமினிகேஷன் கடைகள் இருந்தன. பலர் மாறி மாறி உட்காரும் நாற்காலி, ஒரே இணைப்பு. எந்த மணிக்கு யார் உட்கார்ந்தார் என்பதற்குக் கடைக்காரரின் கொப்பிதான் செக்ரோல்.

சட்டம் எதை ஏடு என்கிறது

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் சந்தாதாரர் தகவலையும் போக்குவரத்துத் தரவையும் சேவை நிறுவனத்திடம் பெற வழி செய்கிறது. அழிந்துபோகக்கூடிய தகவலை 7 நாள் பாதுகாத்து வைக்கச் சொல்லலாம். நீதவான் அதை 90 நாள் வரை நீட்டலாம். ஆனால் கேட்கும் நாளில் இருப்பதைத்தான் பாதுகாக்க முடியும். எழுதப்படாத போர்ட் எண்ணை எந்தக் கட்டளையும் கொண்டுவராது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இணையவழி அடையாளங்காட்டியையும் தனிப்பட்ட தரவுக்குள் சேர்க்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் பட்ரிக் பிரையர் வழக்கில் 2016 ஒக்டோபர் 19 அன்று சொன்னதும் இந்தத் திசையில்தான்: மாறும் ஐபி முகவரியையும் சேவை நிறுவனத்தின் ஏட்டையும் சட்டப்படி இணைக்க வழி இருந்தால் அது தனிப்பட்ட தரவு. இந்தத் தீர்ப்பைக் காட்டி, நீதிமன்றமே முகவரி ஆளைக் காட்டும் என்று ஒப்புக்கொண்டதாக வாதிடுவது தவறான வாசிப்பு. ஒருவரைத் தொட்டுவிடக்கூடும் என்பதால் காக்கவேண்டியது ஒன்று. அவர்தான் செய்தார் என்று நிறுவுவது வேறொன்று. முன்னதற்குச் சாத்தியமே போதும்.

ஏடே அழிந்துபோனால் என்ன என்பதை ஊவா 2014 ஒக்டோபர் 29 அன்று கண்டது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபின், காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. லயம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று காலை காம்பராவுக்குள் இருந்தவர் யார் என்பதைப் பிழைத்தவர்களைக் கேட்டுத்தான் அறிய முடிந்தது.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று மீதமிருக்கிறது. ஐபி நெறிமுறையின் ஆறாம் பதிப்பு (IPv6) முகவரிகள் 128 இருமக் குறிகளால் ஆனவை, பஞ்சம் இல்லை. கைபேசி வலையமைப்பு ஒவ்வோர் இணைப்புக்கும் தனி முன்னொட்டைக் கொடுக்க முடியும். அப்போது 64 பேரின் கூட்டம் கலைந்து, முகவரி மறுபடி ஒரு சிம் வரை வந்து நிற்கும். பின்பகுதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு 2001இலேயே வந்துவிட்டதென்றாலும் முன்னொட்டு சிம்மைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். கிளார்க்கும் லாண்டோவும் சொன்ன தொடக்க இடம் அங்கே ஓரளவு மீள்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021இல் ஊவாவின் மலைக்கிராமங்களில் பாடசாலை மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடிப் பிள்ளைகள் ஏறிய பாறையில் ஒரு கைபேசியைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால், சிம் யார் பெயரில் இருந்தது, விரல் யாருடையது என்ற கேள்விகள் இரண்டாகவே இருக்கின்றன. முதலாவதற்கு நிறுவனத்திடம் ஏடு உண்டு. இரண்டாவதற்கான ஏட்டை எழுதுபவர் எவரும் இல்லை.